பெயர் சொல்லாத மரங்கள்

1948-இல் பிறந்து, தூத்துக்குடியில் ஆசிரியராகப் பணியாற்றி, 2012-ஆம் ஆண்டின் விஷ்ணுபுரம் விருதைப் பெற்ற தேவதேவனின் கவிதைத் தொகுப்பைப் பாளையங்கோட்டையில் பழைய புத்தகக் கடை ஒன்றில் வாங்கினேன். 1986 வரை தூத்துக்குடியும் நெல்லை மாவட்டம்தான் என்பதால் அவரை எங்கள் ஊர்க்காரராகவே எண்ணிக்கொள்வது வழக்கம். நல்ல பிரதி என்று சொல்லிக் கொடுத்த புத்தகத்தின் முதுகு இரண்டாம் நாளே கழன்றுவிட, மைதாப் பசை காய்ச்சி ஒட்டிய பிறகே நிம்மதியாக வாசிக்க முடிந்தது.

இக்கவிதைகளில் மரமும் பறவையும் வீடும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் அது வேம்பா, உடையா, பனையா என்பதைக் கவிஞர் பெரும்பாலும் சொல்வதில்லை. நாரையின் அலகைப் பிளந்த பனங்கிழங்கோடு ஒப்பிட்ட சத்திமுத்தப் புலவரைப் படித்து வளர்ந்தவனுக்கு இது முதலில் குறையாகவே பட்டது. கண்ணால் பார்க்காமல் எழுதியதோ என்றுகூட ஐயுற்றேன்.

தை மாதத்தில் ஒருநாள் கூந்தன்குளம் சென்றிருந்தேன். வீட்டு முற்றத்து மரங்களிலேயே மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டும் ஊர் அது. எச்சம் விழுந்து கிளைகள் வெளுத்திருந்தன. மீன் நாற்றம் தெருவெங்கும் வீசியது. ஒரு கூட்டில் தாய் நாரை இரு சிறகையும் விரித்து, குஞ்சுகளின் மேல் நிழல் விழும்படி வெயிலில் அசையாமல் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அதன் பெயர் என் நினைவுக்கு வரவேயில்லை என்பது பேருந்தில் திரும்பும்போதுதான் உறைத்தது. இக்கவிதைகள் நிகழ்வது அத்தகைய நேரத்தில்தான். பெயர் வந்து பொருளை மூடிக்கொள்வதற்கு முந்தைய பார்வையை, அலங்காரமில்லாத, ஏறக்குறைய உரைநடை போன்ற சொற்களில் அவர் பிடித்துவிடுகிறார்.

ஆயினும் என் மனத்தாங்கல் முழுதாகத் தீரவில்லை. பேரன்பு, பெருவெளி போன்ற பெரிய சொற்களைக் கவிதை தானே சொல்லிவிடும் இடங்களில், அதுவரை கண்முன் நின்ற மரம் மங்கிப்போகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி வீட்டுக்குள் புகுந்ததைக் கண்டவர்கள், இயற்கையின் இந்த அமைதியை முழுமையாக ஏற்கத் தயங்கவும் கூடும்.

வாங்க நினைப்பவர்கள் தொகுப்பை ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். நான் முதல் வாரம் அப்படிப் படித்துச் சலித்துப்போனேன். இப்போது மாலையில் இரண்டு கவிதைகள், அதற்கு மேல் புரட்டுவதில்லை.