ஜாக் ரஸ்ஸலா, சிப்பிப்பாறையா?

இந்த இரண்டு நாய் இனங்களில் எதை வளர்க்கலாம் என்பது கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பில் குடியிருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. முயல் வேட்டைக்கு என்றால் இரண்டுமே வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். எலிக்கும் காவலுக்கும் பார்ப்போம்.

வேலை: ஜாக் ரஸ்ஸல் 25–30 செ.மீ. உயரம்தான். இங்கிலாந்தில் நரியை வளையிலிருந்து கிளப்ப உருவான இனம். வரப்பில் எலி வளையைக் கண்டால் மூக்கை நுழைத்து, முன்காலால் மண்ணை வாரி இறைக்கும். சிப்பிப்பாறை கண்ணால் பார்த்துத் துரத்தும். வளைக்குள் போனது போனதுதான்.

வீடு: ஜாக் ரஸ்ஸல் குழந்தைகளோடு சளைக்காமல் விளையாடும். குரைப்பு அதிகம், பூச்செடியும் தப்பாது. சிப்பிப்பாறை வீட்டாரிடம் சாது. ஓட இடம் வேண்டும்.

வெயில்: சிப்பிப்பாறை தாங்கும்.

சின்ன வீடு, எலித் தொல்லை என்றால் ஜாக் ரஸ்ஸல். வேலி போட்ட தோப்பு இருந்தால் சிப்பிப்பாறை. என் மனசும் அந்தப் பக்கம்தான்.