ஜிஆர்இ சொற்பயிற்சிக்கு ₹38,500 கட்டி ஏமாந்தேன்: பெங்களூரில் தேர்வுக்குப் படிப்பவர்கள் கவனத்துக்கு

"கட்டிய பணம் கட்டியதுதான், இனி இது பற்றிப் பேச வராதீர்கள்" என்று நேற்று மாலை பயிற்சி மையத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். போனது ₹38,500. கிருஷ்ணகிரியில் அம்மா சீட்டு எடுத்து அனுப்பிய பணம்.

பெங்களூரில் மென்பொருள் சோதனை வேலையில் இருக்கிறேன். வெளிநாட்டில் முதுகலை படிக்க ஜிஆர்இ என்ற நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். கணக்குப் பகுதி பற்றிக் கவலையில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள், ஆங்கிலச் சொற்கள் என்றாலே வயிற்றைக் கலக்கும். தென் பெங்களூரில் ஒரு மாடியில் நடக்கும் பயிற்சி மையத்துக்கு விசாரிக்கத்தான் போனேன். புகார் கொடுத்திருப்பதால் பெயரை எழுதவில்லை.

சேர்க்கைக்குப் பொறுப்பானவர் என் பெயரைப் பார்த்ததும் தமிழில் பேசத் தொடங்கினார். "எந்த ஊரம்மா? கிருஷ்ணகிரியா? எனக்குச் சேலம். பக்கத்து ஊர்க்காரர்கள் ஆகிவிட்டோம்!" தேநீர் வரவழைத்தார். தன் தங்கையும் தமிழ் வழியில் படித்து இதே தேர்வை எழுதி வெளிநாடு போனதாகச் சொன்னார். 60 நாள், நாளுக்கு 50 சொல், மொத்தம் 3,000 சொல்; ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் வெர்பல் பகுதியில் 160-க்கு மேல் உறுதி, வராவிட்டால் முழுப் பணமும் திரும்ப. கட்டணம் ₹44,500, இன்றே கட்டினால் ₹38,500. "நம் ஊர்ப் பிள்ளை என்பதால்தான் இந்தத் தள்ளுபடி, வெளியே சொல்லாதீர்கள்" என்றார். பெங்களூரில் ஒருவர் என்னிடம் தமிழில் அக்கறையாகப் பேசிப் பல வாரம் ஆகியிருந்தது. இரண்டாவது தேநீர் வருவதற்குள் போனிலேயே பணத்தை அனுப்பிவிட்டேன். ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆசிரியர் நேரில் வந்தது நான்கே வகுப்புக்கு. பிறகு பழைய காணொளிகள். கையில் கொடுத்தது நகலெடுத்த சொல் தாள்கள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் வேறு ஏதோ பெயரை வெள்ளை மை தடவி மறைத்திருந்தார்கள். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் பஸ்ஸில் நின்றுகொண்டே அவற்றை மனப்பாடம் செய்தேன். 'எனர்வேட்' என்றால் சுறுசுறுப்பூட்டுவது என்று போட்டிருந்தது. அகராதியைப் புரட்டினால் நேர் எதிர்: தெம்பை உறிஞ்சிச் சோர வைப்பது. 'இன்ஜெனுவஸ்' என்றால் புத்திசாலி என்றிருந்தது. அது கள்ளங்கபடமற்ற என்று பொருள்படும் சொல். 'இன்ஜீனியஸ்' என்பதோடு குழப்பியிருக்கிறார்கள். இப்படி எத்தனை சொற்களைத் தப்பாக ஏற்றிக்கொண்டேனோ, இப்போது எதையும் நம்ப முடியவில்லை.

மாதிரித் தேர்வில்தான் முழு ஏமாற்றும் வெளியே வந்தது. எனக்கு வெர்பலில் 520 என்று மதிப்பெண் வந்தது. ஜிஆர்இ வெர்பலுக்கு இன்றைய அளவு 130 முதல் 170 வரை! 520 எங்கிருந்து வந்தது? 200 முதல் 800 வரை போட்ட பழைய முறை அது. 2011 ஆகஸ்டில் அந்த அளவும் போயிற்று, எதிர்ச்சொல் கேள்விகளும் ஒப்புமைக் கேள்விகளும் போயின. இவர்கள் கொடுத்த கேள்விகளில் பாதி எதிர்ச்சொல். இப்போது கேட்பது வாக்கியத்தில் கோடிட்ட இடத்தை நிரப்புவதும், ஆறு சொற்களில் ஒரே பொருள் தரும் இரண்டைத் தேர்ந்தெடுப்பதும், பத்தியைப் படித்துப் பதில் சொல்வதும்தான். இரண்டு சொல் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் ஒன்று தவறினாலும் மதிப்பெண் கிடையாது. சொல் எந்த இடத்தில் எப்படி நிற்கிறது என்று தெரியாமல் 3,000 சொல்லை ஒப்பித்து என்ன பயன்?

பணத்தைக் கேட்டேன். முதல் வாரம், கணக்குப் பிரிவிலிருந்து அழைப்பார்கள் என்றார்கள். இரண்டாம் வாரம், மேலாளர் விடுப்பில் இருந்தார். மூன்றாம் வாரம், "அளவுதானே வேறு, சொற்கள் அதே சொற்கள்தானே" என்றார்கள். சேலத்துக்காரர் என் குறுஞ்செய்திகளுக்கு ஆங்கிலத்தில் மட்டும் பதில் போட்டார். நேற்று நேரில் போய் நின்றபோது, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம் இந்தியில் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ₹38,500 போனதைவிட அதுதான் நெஞ்சில் குத்துகிறது. ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது: எக்காரணம் கொண்டும் கட்டணம் திருப்பித் தரப்படாது.

எப்படிப் படிக்கலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. இவற்றை மட்டும் சொல்கிறேன். தேர்வை நடத்தும் இடிஎஸ் நிறுவனமே பவர்பிரெப் என்ற பெயரில் இரண்டு முழு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. யாருக்கும் பணம் கட்டும் முன் அதை எழுதிப் பாருங்கள். 2023 செப்டம்பரிலிருந்து மொத்தத் தேர்வே இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிறது, வெர்பல் 27 கேள்விதான். மையத்தின் மாதிரித் தேர்வு இதற்கு ஒத்துவராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மதிப்பெண் உறுதி என்றால் எழுத்தில் கேளுங்கள். ஒரே தவணையில் கட்டாதீர்கள். ஏமாந்துவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. நான் பதிந்துவிட்டேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

என் அறையில் தங்கியிருக்கும் திருப்பத்தூர்ப் பெண்ணும் அடுத்த மாதம் அங்கேதான் சேர இருந்தாள். அவளிடமும் அதே ஊர்ப்பேச்சு, அதே ₹38,500. "எனக்குத் திருப்பத்தூரில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்" என்றாராம். இன்று காலை அந்தச் சொல் தாள்களை அவள் முன் விரித்துக் காட்டித் தடுத்துவிட்டேன்.