ஒழுகும் மொட்டை மாடியும் மூன்று பழுதுபார்ப்புகளும்: சீர்காழியிலிருந்து ஓர் அனுபவம்

சீர்காழியில் நாங்கள் இருக்கும் வீடு 1996-ல் அப்பா கட்டியது. 900 சதுர அடி கான்கிரீட் தளம். 2009-லிருந்து இதுவரை மூன்று விதமாக அந்தத் தளத்தைப் பழுது பார்த்திருக்கிறோம். ஒவ்வொன்றையும் பல மழைக்காலம் வைத்துப் பார்த்தாகிவிட்டது. எது எத்தனை நாள் தாங்கியது, எங்கே கைவிட்டது என்பதை எழுதி வைக்க நினைத்தேன்.

முதன்முதலில் ஒழுகியது 2008 நவம்பரில், நிஷா புயலின்போது. கூடத்து ஃபேன் கொக்கி வழியாகத் தண்ணீர் இறங்கி, கம்பியில் வழிந்து, இறக்கை நுனியில் நின்று நின்று சொட்டியது. அப்பா ஓடிப்போய் மெயினை அணைத்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஃபேன் பெட்டி, லைட் பெட்டி வழியாகத் தண்ணீர் வந்தால் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். பக்கெட்டைப் பிறகு தேடலாம்.

ஃபேனுக்கு நேர் மேலேதான் வெடிப்பு இருக்கும் என்று நினைத்தோம். அது தப்புக் கணக்கு. மேலே இறங்கும் தண்ணீர், மேல்பூச்சுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ஊர்ந்துபோய், எங்கே வழி கிடைக்கிறதோ அங்கேதான் சொட்டும். எங்கள் வீட்டில் அந்த வழி ஃபேன் கொக்கிக் குழி. தண்ணீர் உள்ளே நுழைந்த இடமோ அங்கிருந்து 14 அடி தள்ளி, தென்கிழக்கு மூலையில். அதைக் கண்டுபிடிக்க எங்களுக்குப் பதினோரு வருடம் ஆனது.

2009 கோடையில் முதல் பழுது. பழைய தளத்தைக் கழுவிவிட்டு, சிமெண்ட் பால் ஊற்றி, அதன்மேல் நீர்த்தடுப்புத் திரவம் கலந்த கலவையை அரை அங்குலத்துக்குப் பூசினார்கள். 14,000 ரூபாய். முதல் மழைக்காலம் நன்றாக இருந்தது. இரண்டாவது கோடையில் மாடி முழுக்க தலைமுடி கனத்துக்கு வெடிப்புகள். 2010 ஐப்பசியில் மறுபடியும் ஃபேன் சொட்டியது. வெயிலில் காய்ந்து விரிவதும் இரவில் சுருங்குவதுமாக இருக்கும் தளத்தின்மேல் மெல்லிய சிமெண்ட் பூச்சு நிற்காது. பழையதோடு ஒட்டாமல் தனி ஏடாக எழும்பிவிடும். தட்டிப் பார்த்தால் பொத்தென்று சத்தம் வரும். இந்த வேலையை யாருக்கும் நான் சொல்லமாட்டேன். அதோடு பாரத்தையும் யோசிக்க வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்குக் கலவை போட்டால் சதுர அடிக்கு நாலரை கிலோ ஏறும். 900 சதுர அடிக்கு 4 டன். ஒழுகும்போதெல்லாம் ஒரு அடுக்கு என்று ஏற்றிக்கொண்டே போனால் கீழே இருக்கும் கான்கிரீட்தான் சுமக்க வேண்டும்.

இரண்டாவது, 2013-ல் அடித்த வெள்ளை அக்ரிலிக் கோட்டிங். வெடிப்புகளைக் கீறி அகலப்படுத்தி, வளையும் தன்மையுள்ள பசையால் அடைத்து, ஃபைபர் வலை விரித்து மூன்று கோட் அடித்தார்கள். 27,000 ஆனது. இதை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். சித்திரை மாதத்தில் மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் மதியம் படுக்க முடிந்தது, அந்த அளவுக்குச் சூடு குறைந்தது. நான்கு மழைக்காலம் ஒரு சொட்டு இல்லை. ஆனால் தென்கிழக்கு மூலையில் மட்டும் தண்ணீர் நாள்கணக்கில் தேங்கும். அந்த இடத்தில் கோட்டிங் ஊறி, தோசை ஓரம் மாதிரி சுருண்டு எழுந்தது. விரலால் இழுத்தாலே பட்டையாக உரிந்து வந்தது. தண்ணீர் நிற்காத இடமெல்லாம் அப்படியே இருந்தது. வேலை செய்தவர் பத்து வருடம் கியாரண்டி என்று எழுதியே கொடுத்திருந்தார். போன் செய்தபோது, தேங்கிய தண்ணீருக்கு அது பொருந்தாது என்றார். தண்ணீர் தேங்குவது அடிக்கும் முன்பே அவர் கண்ணில் பட்ட விஷயம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் உண்டு.

2018 நவம்பர், கஜா வந்து போன வாரம். விடியற்காலையில் அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் மேல்தளத்துக் காரை ஒரு சோற்றுத் தட்டு அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. தலைமாட்டிலிருந்து ஒன்றரை அடி. உள்ளே கம்பி துருப்பிடித்துச் செதில் செதிலாகத் தெரிந்தது. கம்பி துருப்பிடித்தால் உப்பும். பல மடங்கு இடம் கேட்கும். சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். அதுவரை ஒழுகலைத் தொந்தரவாக மட்டுமே பார்த்திருந்தோம். அன்றைக்குப் பயமாகிவிட்டது. ஒழுகும் வீட்டில் கூரையில் பழுப்புக் கறையோ, கம்பி போகும் வழியே நேர்கோட்டில் வெடிப்போ தெரிந்தால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். அந்த இடத்துக்குக் கீழே யாரையும் படுக்கவைக்காதீர்கள்.

2019 மாசியில் வயதான கொத்தனார் ஒருவரைக் கூட்டிவந்தோம். அவர் ஒரு குடம் தண்ணீரை மாடி நடுவே கவிழ்த்துவிட்டு, அது ஓடும் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் குழாய் வாய் வரைக்கும் போய், உள்ளே இறங்காமல் வளைந்து மூலையில் போய் நின்றது. மழைநீர்க் குழாயின் வாய், தளத்தைவிட முக்கால் அங்குலம் மேலே இருந்தது.

“ஏம்மா, குழாய் மேலயும் தளம் கீழயும் இருந்தா தண்ணி எங்க போகும்? வாட்டத்த சரி பண்ணாம மேல எதப் பூசினாலும் நிக்காது” என்றார்.

பங்குனியில் மேல் அடுக்கை முழுக்க உடைத்தோம். மழை பெய்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. மேலே வெயில் கால்வைக்க முடியாமல் காய்கிறது. தென்கிழக்கு மூலையில் உடைத்த செங்கல் ஜல்லியைக் கையில் எடுத்தால் ஈரம். பிசைந்தால் சேறு மாதிரி விரலில் ஒட்டியது. அத்தனை நாளும் கான்கிரீட் அந்த ஈரத்தைத்தான் போர்த்திக்கொண்டு கிடந்திருக்கிறது. மேலே கோட்டிங் போட்டபோது, உள்ளே இருந்த ஈரம் காய்வதற்கும் வழியில்லாமல் மூடிவிட்டோம்.

அறைக்குள் கம்பி வேலை முதலில் நடந்தது. தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியின் பின்பக்கம் வரை பிரஷால் துருவைத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலவையால் அடைத்தார்கள். வெறும் சிமெண்டால் ஓட்டையை மூடி வெள்ளையடித்துவிட்டால் அடுத்த வருடம் அதே இடம் மறுபடி விழும்.

மாடியில் பழைய முறையில் சுண்ணாம்பு போட முடிவு செய்தோம். செங்கல் ஜல்லியைத் தண்ணீரில் ஊறவைத்து, நீற்றிய சுண்ணாம்போடு கலந்து பரப்பி, மரக்கட்டையால் மூன்று நாள் அடித்தார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை நடுநடுவே தெளித்தார்கள். மாடி முழுக்க ஒரு துவர்ப்பு வாசனை. கட்டை பட்டால் தடம் விழாமல் தெறிக்கும்வரை அடிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. வாட்டம் 60 அடிக்கு ஓரடி. அதாவது 20 அடித் தூரத்துக்கு 4 அங்குலச் சரிவு. அதன்மேல் தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட மண் ஓடு, பதித்து, சந்துகளை நீர்த்தடுப்புப் பொடி கலந்த சிமெண்டால் அடைத்தார்கள். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையை நேர்கோணமாக விடாமல் வளைத்துப் பூசினார்கள். ஒரே ஒரு 3 அங்குலக் குழாய் இருந்த இடத்தில் 4 அங்குலத்தில் மூன்று குழாய். கடைசியில் குழாய்களை அடைத்து, மாடியில் இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திக் கீழே பார்த்தோம். அதன்பிறகுதான் கடைசிப் பணம் கொடுத்தேன்.

மொத்தம் 1,65,000. சின்னத் தொகை இல்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளைத் தேடவே ஒரு மாதம் ஆனது. ஆள் கிடைக்காவிட்டால் சிமெண்ட் ஜல்லிக் கலவையில் வாட்டம் எடுத்து, மேலே வெள்ளை ஓடு பதிக்கலாம். என் தம்பி வீட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள், நன்றாகவே இருக்கிறது. பணம் குறைவாக இருந்தால் முதலில் குழாய் வாயை இறக்கிச் சரிவை மட்டும் சரிசெய்யுங்கள். கோட்டிங் அதன்பிறகு.

2022 நவம்பர் 11 இரவு. சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை. எங்கள் மாடிக்குக் கணக்குப் போட்டால் 36,000 லிட்டருக்கு மேல் வருகிறது, மூன்று லாரித் தண்ணீர். தெருவில் முழங்கால் அளவு வெள்ளம். ராத்திரி முழுக்க டார்ச்சை வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி இருந்தேன். ஃபேன் கொக்கியில் கைவைத்துப் பார்த்தேன், காய்ந்திருந்தது. அம்மா கட்டில் இருந்த அறையில் ஓதம்கூட இல்லை. ஒரே ஒரு இடத்தில் தோற்றோம்: மாடிப்படி அறையின் கதவு நிலை தாழ்வாக இருந்ததால், சாரல் அடித்துப் படி வழியாகத் தண்ணீர் இறங்கியது. பிறகு நிலைக்குக் கீழே 4 அங்குலம் ஏற்றிக் கட்டினோம்.

இடையில் ஒரு மாசி மாதம் சமையலறை மேலே ஓதம் தெரிந்தது. தளம்தான் போய்விட்டது என்று பதறினேன். மழையே இல்லாத மாதத்தில் ஓதம் என்றால் முதலில் தொட்டியையும் குழாயையும் பார்க்க வேண்டும். மேல்தொட்டிக் குழாயில் ஒரு வளைவு கசிந்துகொண்டிருந்தது. 200 ரூபாயில் முடிந்தது.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் தேதி தவறுவதில்லை. ஆடிக்காற்று கொண்டுவந்து சேர்க்கும் வேப்பிலை, முருங்கை இலையெல்லாம் புரட்டாசிக்குள் கூட்டி அள்ளியாக வேண்டும். ஒரு கைப்பிடி இலை போதும் குழாய் வாயை அடைக்க. முதல் கனமழை விட்டதும் அரைமணி நேரத்தில் மேலே போய் எங்கே தண்ணீர் நிற்கிறது என்று பார்ப்பேன். நின்ற இடத்தைச் சாக்கட்டியால் வட்டம் போட்டு வைத்துக்கொள்வேன். ஓட்டுச் சந்துகளை 2023-ல் ஒருமுறை புதுப்பித்தோம். டிஷ் ஆண்டெனாவுக்குத் தளத்தில் துளைபோட விடவில்லை. கான்கிரீட் கட்டையில் முடுக்கச் சொன்னேன். தேங்காய் பறித்துப் போட்டபோது இரண்டு ஓடு உடைந்தது. தட்டோட்டில் ஒரு வசதி, உடைந்ததை மட்டும் எடுத்துவிட்டு வேறு பதிக்கலாம். அரைநாள் வேலை.

போன வருடம் மேற்குக் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று ஒன்று, இரண்டே இலையோடு நின்றது. கிள்ளி எறிந்தேன். இரண்டு வாரத்தில் நான்கு இலையோடு வந்தது. வேர் உள்ளே இருக்கும்வரை அது விடாது. பூச்சைக் கொத்தி, முழங்கை நீளத்துக்கு வெள்ளை வேரை உருவி எடுத்துத்தான் அடைக்க வேண்டியிருந்தது. இந்த வருடம் அந்த இடம் சுத்தமாக இருக்கிறது. வடக்குக் குழாயைச் சுவரோடு பிடிக்கும் பட்டை மட்டும் துருப்பிடித்துத் தளர்ந்திருக்கிறது. புதுப் பட்டை இரண்டு வாங்கி மாடிப்படியில் வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பிளம்பர் வருகிறார்.