புதுசுன்னு வித்த ஹார்ட் டிஸ்க், உள்ள 31,000 மணி நேரம் ஓடினது: என்ஏஎஸ் பில்ட் பண்றவங்க பாத்துக்கோங்க

வீட்டுக்கு ஒரு சின்ன என்ஏஎஸ் (வீட்டு நெட்வொர்க்ல எல்லாரும் ஃபைல் போட்டு வைக்கிற ஸ்டோரேஜ் பெட்டி) போடலாம்னு பார்ட்ஸ் தேடிட்டிருக்கவங்களுக்காக எழுதுறேன், முக்கியமா ஹார்ட் டிஸ்க் எங்க கம்மியா கிடைக்கும்னு ராத்திரி முழுக்க ஆப் ஆப்பா மேஞ்சுட்டிருக்கவங்களுக்கு. பிராண்ட் நியூ, சீல்டு, என்டர்பிரைஸ் கிரேடுன்னு சொல்லி எனக்கு சீகேட் கம்பெனியோட 8 டிபி எக்ஸாஸ் டிரைவ் நாலு வித்தாங்க. நாலுமே பழசு. ஒருத்தர் வீட்ல அப்பப்ப ஓடின பழசு இல்ல, எங்கயோ ராப்பகலா வருஷக்கணக்கா ஓடி முடிச்சு, மீட்டரைத் திருப்பி வச்ச செகண்ட் ஹேண்ட் கார் மாதிரி பாலிஷ் போட்டு வந்தது.

கடை பேர் போடல, கேட்டு மெசேஜும் பண்ணாதீங்க. காசு திரும்ப வாங்குறப்ப சில விஷயத்துக்கு ஒத்துக்கிட்டுதான் வாங்கினேன். நம்ம சிங்கப்பூர்ல உபி (Ubi) ஏரியா பக்கம் ஒரு இண்டஸ்ட்ரியல் பில்டிங்ல இருக்கற கடைன்னு வேணா சொல்லலாம், அப்படி அங்க எத்தனையோ இருக்கு, நல்ல கடைங்களும் இருக்கு.

விஷயம் என்னன்னா, கூகுள் ஃபோட்டோஸ் 2021 ஜூன்ல ஃப்ரீயா எவ்ளோ வேணா ஏத்திக்கலாங்கறத நிறுத்தினதுலேருந்தே எங்க வீட்ல மாசாமாசம் ஸ்டோரேஜுக்குக் காசு போயிட்டிருக்கு, கல்யாண வீடியோ, பிள்ளைங்க ஃபோட்டோ, அப்பா ஸ்கேன் பண்ணி வச்ச பழைய ஆல்பம் எல்லாம் சேத்து கிட்டத்தட்ட 6 டிபி. ரெடிமேடா நாலு டிரைவ் போடற பாக்ஸ் வாங்கினா டிரைவ் இல்லாமலே பெரிய தொகை வருது. சரி நாமளே போடுவோம்னு எல்லாம் சேத்து 1,500 வெள்ளிக்குள்ள (சிங்கப்பூர் டாலர்) முடிக்கணும்னு வச்சுக்கிட்டேன். பழைய ரேக் சர்வர் சீப்பா தரேன்னு ஒருத்தர் வந்தாரு, அது சும்மா இருந்தாலே 100 வாட் இழுக்கும், யூனிட் 30 காசு கிட்டன்னா மாசம் இருபது வெள்ளிக்கு மேல கரண்ட் பில்லுக்கே போயிடும், அதோட சத்தம், ஹெச்டிபி (அரசாங்க அடுக்குமாடி) வீட்ல அத எங்க வைக்கிறது? வீட்டுக்குள்ள இருக்கற பாம் ஷெல்டர் ரூம்ல வச்சு கதவைச் சாத்தினா உள்ள வெந்துடும். அதனால கரண்ட் கம்மியா இழுக்கற இன்டெல் என்100 சிப் போட்ட போர்டு, சின்ன கேஸ், நாலு டிரைவ், அவ்ளோதான் பிளான்.

இந்தக் கடைல "என்ஏஎஸ் ஸ்டார்டர் பேக்கேஜ்"னு ஒண்ணு போட்டிருந்தாங்க. வாட்ஸப்ல கொட்டேஷன் கேட்டேன். வந்ததுல டிரைவ் எல்லாம் சீகேட் பாராகுடா 8 டிபி. அது எஸ்எம்ஆர் டிரைவ். தெரியாதவங்களுக்குச் சொல்றேன், எஸ்எம்ஆர்னா ஒரு டிராக் மேல இன்னொரு டிராக் லேசா ஏறி உக்காந்திருக்கும், அதனால நடுவுல ஒரு இடத்த மாத்தி எழுதணும்னா பக்கத்துல இருக்கறதையும் சேத்துத் திரும்ப எழுதணும். சும்மா ஃபைல் போட்டு வைக்க ஓகே, ஆனா ரெய்டுல (RAID, பல டிரைவ ஒண்ணா சேத்து ஓட்டற முறை) ஒரு டிரைவ் போயி புது டிரைவ் போட்டு ரீபில்ட் பண்றப்ப நாள்கணக்கா இழுக்கும், அத நடத்துற இசட்எஃப்எஸ் மாதிரி சாஃப்ட்வேர் சில சமயம் டிரைவே செத்துடுச்சுன்னு நெனைச்சு வெளிய தள்ளிடும். 2020ல டபிள்யூடி ரெட்னு என்ஏஎஸ்க்குன்னே வித்த 2லேருந்து 6 டிபி வரைக்கும் உள்ள டிரைவ்லயே சொல்லாம எஸ்எம்ஆர் போட்டு அது பெரிய பிரச்சனையாச்சு, அதுக்கப்புறம்தான் சிஎம்ஆர் (டிராக் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாத டைப்) வேணும்னா ரெட் பிளஸ்னு தனியா பிரிச்சாங்க. அதனால வாங்குறப்ப பேர மட்டும் பாக்காதீங்க, மாடல் நம்பர் முழுசா கேட்டு கம்பெனி வெப்சைட்ல சிஎம்ஆரான்னு பாருங்க.

இத நான் சொன்னதும் கடைக்காரரு உடனே டோன மாத்திட்டாரு. "ஓ உங்களுக்கு விஷயம் தெரியுது பாஸ், அப்ப உங்களுக்கு எக்ஸாஸ் தரேன், என்டர்பிரைஸ், பேரலல் இம்போர்ட், அதனாலதான் விலை கம்மி." மத்த கடையவிட ஒரு டிரைவுக்கு அறுபது வெள்ளி கம்மி. எக்ஸாஸுக்கு சீகேட் சாதாரணமா 5 வருஷ வாரண்டி தரும், இவரு கடை வாரண்டி ஒரு வருஷம்னாரு. பேரலல் இம்போர்ட்ல, அதாவது லோக்கல் டிஸ்ட்ரிபியூட்டர் வழியா வராம நேரா இறக்கறதுல, அப்படித்தான் இருக்கும், அது தப்பில்ல. இங்கதான் ரெண்டு விஷயத்துல நான் விடாப்பிடியா நின்னேன். ஒண்ணு, இன்வாய்ஸ்ல மாடல் நம்பர், நாலு சீரியல் நம்பர், "பிராண்ட் நியூ"ங்கற வார்த்தை மூணும் இருக்கணும். ரெண்டாவது, அவரு தன்னோட சொந்த ஹேண்ட்ஃபோன் நம்பருக்கு பேநவ்ல (ஃபோன் நம்பர வச்சு பேங்க்ல காசு அனுப்பற வசதி) அனுப்பச் சொன்னாரு, ஜிஎஸ்டி 9 பெர்சன்ட் மிச்சம்னு ஆசை வேற காட்டினாரு. முடியாது, கம்பெனியோட யூஇஎன்னுக்குத்தான் (பதிவு நம்பர்) அனுப்புவேன்னுட்டேன். முணுமுணுத்துக்கிட்டே குடுத்தாரு. பின்னாடி என்னைக் காப்பாத்துனது இந்த ரெண்டும்தான்.

பாக்ஸ் இல்ல, வெள்ளி கலர் ஆன்டிஸ்டாட்டிக் பை, நல்லா சீல் பண்ணி, உள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட் கூட. பல்க்கா வர்ற என்டர்பிரைஸ் டிரைவ் அப்படித்தான் வரும், அதனால அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து ஸ்மார்ட் டேட்டா (டிரைவ் தன் நிலைமைய தானே எழுதி வைக்கிற கணக்கு) பாத்தா பவர் ஆன் ஹவர்ஸ், அதாவது ஓடின மணி நேரம், 2. கெட்டுப்போன இடத்தக் காட்டற ரீஅலகேட்டட் செக்டர் பூஜ்யம், பெண்டிங் செக்டர் பூஜ்யம். எல்லாம் பளிச்சுன்னு இருக்கு.

ஆபீஸ்ல சர்வர் பாக்குற ஒரு அண்ணன் இருக்காரு, அவருகிட்ட எக்ஸாஸ் சீப்பா கிடைச்சுதுண்ணேன்னு சொன்னதும் அவரு கேட்ட முதல் கேள்வியே "ஃபார்ம் பாத்தியாடா?" தான். சீகேட் டிரைவுக்குள்ள ஸ்மார்ட் இல்லாம ஃபார்ம்னு (FARM) தனியா இன்னொரு லாக், அதாவது பதிவு, ஓடும். ஸ்மார்ட்ல மணி நேரத்த ரீசெட் பண்றவங்க பல பேரு இத ரீசெட் பண்றதில்ல. ஸ்மார்ட்மான்டூல்ஸ்ங்கற சாஃப்ட்வேர்ல 7.4 இல்ல அதுக்கு மேல உள்ள வெர்ஷன் வேணும், ஸ்மார்ட்சிடிஎல் கமாண்டுல ஹைபன் எல் ஃபார்ம்னு (smartctl -l farm) போட்டு டிரைவ் பேர குடுத்தா வந்துடும். போட்டேன். முதல் டிரைவ் 31,000 மணி நேரத்துக்கு மேல. மூணரை வருஷம், நிறுத்தாம. மத்த மூணும் ஏறக்குறைய அதே கணக்கு, ஒரே ரேக்லேருந்து ஒண்ணாக் கழட்டின மாதிரி. படிச்சு எழுதுற ஹெட் வேலை செஞ்ச நேரத்தக் காட்டற ஹெட் ஃபிளைட் ஹவர்ஸும் அதுக்கு ஏத்த மாதிரியே இருக்கு, அதாவது சும்மா கரண்ட் குடுத்து வச்சிருக்கல, வேலை வாங்கியிருக்காங்க.

அப்புறம்தான் டார்ச் அடிச்சுப் பாத்தோம், சாட்டா கனெக்டர் தங்க முலாம் மேல மெல்லிசா கோடு கோடா சொருகிக் கழட்டின தடம், ஸ்க்ரூ ஓட்டை ஓரத்துல பெயிண்ட் தேஞ்சிருக்கு. லேபிள் மட்டும் புதுசு. சீகேட் வெப்சைட்ல சீரியல் போட்டா ரெண்டு டிரைவுக்கு இது ஓஇஎம் பொருள் (வேற கம்பெனி மெஷின்ல போட வித்தது), வாங்கின இடத்துல கேளுங்கன்னு வருது, மத்த ரெண்டுக்கும் வாரண்டி ஏற்கனவே முடிஞ்சாச்சு.

இது எனக்கு மட்டும் நடந்த விஷயம் இல்ல. 2025 ஜனவரில ஜெர்மனில ஹைஸங்கற டெக் பத்திரிகை இதத்தான் வெளிய கொண்டாந்தது, புதுசுன்னு வித்த சீகேட் டிரைவ்ல 15,000லேருந்து 50,000 மணி நேரம் வரைக்கும் ஓடியிருந்துச்சு, சியாங்கற கிரிப்டோ காயின மைனிங் பண்ணிட்டுக் கைவிட்ட கூடங்கள்லேருந்து வந்திருக்கலாம்னு பேச்சு. அதே வருஷம் மே மாசம் கோலாலம்பூர் பக்கம் ஒரு கிடங்குல சீகேட் ஆளுங்களும் மலேசிய அதிகாரிங்களும் போய் சோதனை போட்டு, மணி நேரத்த அழிச்சு லேபிள் மாத்தி விக்கத் தயாரா இருந்த சீகேட் டிரைவ் மட்டும் 700 கிட்ட பிடிச்சாங்க. ஜெர்மனிய விடுங்க, கேஎல் நமக்கு எவ்ளோ தூரம்? ஒரு ராத்திரி பஸ்.

இன்னொண்ணு, ஃபார்ம் சுத்தமா இருந்தா டிரைவ் புதுசுன்னு அர்த்தம் இல்ல, அதையும் மாத்தின கேஸ் அப்புறம் வெளிய வந்துச்சு. டபிள்யூடி, டொஷிபால எல்லாம் இந்த லாக்கே கிடையாது. அதுக்கெல்லாம் சீரியல் நம்பர் வாரண்டி செக், கனெக்டர் தடம், அப்புறம் செல்ஃப் டெஸ்ட் லாக்லயும் எரர் லாக்லயும் பழைய மணி நேரம் எங்கயாச்சும் ஒட்டிக்கிட்டிருக்கான்னு பாக்கறது. புது டிரைவ்ல இருபதாயிரமாவது மணில டெஸ்ட் ஓட்டினதா லாக் இருந்தா என்ன அர்த்தம்னு நான் சொல்லணுமா.

சரி, கடைக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். பதில பாருங்க. முதல்ல, அது ஃபேக்டரி டெஸ்டிங்ல ஓடினதாம். மூணரை வருஷமா டெஸ்ட் பண்ணுவாங்க? அப்புறம் என் சாஃப்ட்வேர் தப்பாம், கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டுப் பாக்கணுமாம், அதுல 2 மணி நேரம்தான் காட்டுமாம். ஆமா காட்டும், நீங்க அழிச்சத அது அப்படியேதான் காட்டும். அடுத்தது "சீல் உடைச்சாச்சு பாஸ், ரீஃபண்ட் கேனாட் லா." சீல் உடைக்காம லாக் எப்படிப் பாக்கறது? கடைசில பெரிய மனசு பண்ணி ரெண்ட மாத்தித் தரேன்னாரு, போய் நின்னு அங்கயே லேப்டாப்ல போட்டுப் பாத்தா மாத்தித் தந்ததுலயும் 28,000. அதுக்கப்புறம் ப்ளூ டிக் மட்டும்தான், பதில் கிடையாது.

இங்கதான் இன்வாய்ஸ் வேலை செஞ்சுது. லெமன் லான்னு நாம பேசற, குறையுள்ள பொருள் வித்தா வாங்கினவரக் காப்பாத்துற சட்டம் சிங்கப்பூர்ல 2012 செப்டம்பர்லேருந்து இருக்கு, பல பேரு காருக்கு மட்டும்னு நெனைச்சிட்டிருக்காங்க, இல்ல, கடைல வாங்குற பொதுவான பொருளுக்கும் உண்டு, செகண்ட் ஹேண்டுக்குக் கூட உண்டு. வாங்கி 6 மாசத்துக்குள்ள குறை தெரிஞ்சா, அது குடுக்கறப்பவே இருந்துச்சுன்னுதான் எடுத்துக்குவாங்க, இல்லேன்னு நிரூபிக்க வேண்டியது கடைக்காரர் பாடு. சொன்னதும் குடுத்ததும் வேற வேறயா இருக்கறதும் இதுல வரும். ஆனா தனி ஆளு தனி ஆளுகிட்ட விக்கறதுக்கு இது செல்லாது. அந்தாளு ஏன் சொந்த நம்பருக்கு பேநவ் கேட்டாருன்னு இப்ப புரியுதா? கேட்டா "அது என் சொந்த டிரைவ், தெரிஞ்சவருக்குக் குடுத்தேன்"னு சொல்லிட்டுப் போயிடலாம்.

முதல்ல நுகர்வோர் சங்கத்துல (CASE) கம்ப்ளைண்ட் போட்டேன், கடை அவங்களுக்கும் சரியா பதில் சொல்லல. அப்புறம் ஸ்மால் கிளெய்ம்ஸ், சின்னத் தொகை வழக்கப் பாக்கற டிரிபியூனல். நிறைய பேரு கோர்ட்டுன்னதும் பயந்துடறாங்க, இதுல வக்கீலே வரக்கூடாது, சிங்பாஸ்ல (அரசாங்க டிஜிட்டல் ஐடி) லாகின் பண்ணி ஆன்லைன்லயே ஃபைல் பண்ணலாம், 5,000 வெள்ளி வரைக்கும் உள்ள கிளெய்முக்கு நம்ம மாதிரி கன்ஸ்யூமருக்கு கட்டணம் 10 வெள்ளிதான். ரெண்டு வருஷத்துக்குள்ள பண்ணணும். யூஇஎன் இருந்ததால கம்பெனிங்களப் பதிவு பண்ற அக்ரால கம்பெனி ப்ரொஃபைல் எடுக்கறது சுலபமாச்சு. இன்வாய்ஸ், ஃபார்ம் லாக், சீரியல் செக் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸப் சாட், மாத்தித் தந்த டிரைவ கடைல வச்சே எடுத்த ஃபோட்டோ எல்லாத்தையும் ஏத்தினேன். நோட்டீஸ் போய் சேந்ததும் ப்ளூ டிக் ஆளு தானா ஃபோன் பண்ணாரு. அங்கயே ஆன்லைன்ல பேசி முடிச்சுக்க வழி இருக்கு, அதுலயே முடிஞ்சுது, நாலு டிரைவுக்கும் முழுக் காசும் வந்துடுச்சு. டிரைவ் காசு மட்டும்தான், பேக்கேஜ்ல மீதி என் தலைலதான்.

அந்த மீதியப் பத்தியும் சொல்லணும். "ஈசிசி ராம்"னு, அதாவது பிழைய தானே கண்டுபிடிச்சுத் திருத்துற மெமரின்னு, போட்டிருந்தாங்க. என்100 நார்மல் ஈசிசி மெமரிய சப்போர்ட்டே பண்ணாது, அவங்க சொன்னது டிடிஆர்5 சிப்புக்குள்ளயே இருக்கற ஆன் டை ஈசிசி, அது எல்லா டிடிஆர்5லயும் இருக்கு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, மெமரிலேருந்து சிபியுக்குப் போற வழில வர்ற பிழைய அது பாக்காது. டிரைவ சொருகற சாட்டா கார்டு எட்டு போர்ட்டுன்னாங்க, பாத்தா ஒரு சின்ன கண்ட்ரோலர் பின்னாடி போர்ட் மல்டிபிளையர் வச்சுப் பிரிச்சது, ஒரு டிரைவ் திணறினா கூட இருக்கறதும் சேந்து காணாமப் போற வகை. ஆறு போர்ட் போதும்னா ஏஎஸ்எம்1166 சிப் போட்ட கார்டு கேட்டு வாங்குங்க, நிறைய வேணும்னா ஐடி மோடுக்கு மாத்தின (டிரைவ அப்படியே சிஸ்டத்துக்குக் காட்டற) எல்எஸ்ஐ ஹெச்பிஏ சர்வர் கார்டு, அதுலயும் போலி ஓடுது, அது தனிக் கதை.

எல்லாத்தவிட எனக்குக் கோவம் வந்தது பவர் கேபிள்ல. பவர் சப்ளைல சாட்டா கனெக்டர் பத்தலன்னு மோலெக்ஸ்லேருந்து (பழைய நாலு பின் பவர் கனெக்டர்) சாட்டாவுக்கு மாத்தற அடாப்டர் ரெண்டு போட்டுக் குடுத்திருந்தாங்க, அந்த பிளாஸ்டிக்க ஒரே வார்ப்பா ஊத்தின டைப்பு. உள்ள ஒயர் லேசா நகந்து ஒட்டிக்கிட்டா ஷார்ட் ஆகி உருகி எரியற டைப்பு அதுதான், பில்ட் பண்றவங்க பல வருஷமா வேணாம் வேணாம்னு கத்திட்டிருக்கற விஷயம். 24 மணி நேரமும் ஓடப்போற மெஷின், பக்கத்து ரூம்ல பிள்ளைங்க தூங்குறாங்க, அதுல மிச்சம் புடிச்சது ரெண்டு மூணு வெள்ளி. கழட்டி வெட்டிப் போட்டுட்டு வேற பவர் சப்ளை வாங்கினேன்.

இப்ப டிரைவ் லோக்கல் டிஸ்ட்ரிபியூட்டர் வாரண்டியோட, விலை கூடத்தான், நாலுக்கு பதிலா ரெண்டே ரெண்டு பெருசா வாங்கி மிரர்ல (ரெண்டுலயும் ஒரே காப்பி) போட்டிருக்கேன். ஃபார்ம்ல பூஜ்யம், சீகேட் சைட்ல அஞ்சு வருஷமும் முழுசா காட்டுது, டிரைவ் முழுக்க எழுதிப் படிச்சுப் பாக்கற பேட்பிளாக்ஸ் டெஸ்ட் நாள்கணக்கா ஓடி பிழை இல்லாம முடிஞ்சப்புறம்தான் ஃபோட்டோவ ஏத்தவே ஆரம்பிச்சேன். சமீபத்துல சீப்பா சீகேட் எக்ஸாஸோ அயர்ன்வுல்ஃபோ வாங்கினவங்க இன்னிக்கு ராத்திரியே அந்த ஃபார்ம் கமாண்ட போட்டுப் பாருங்க, ஆறு மாசக் கணக்கு ஓடிட்டிருக்கு. நம்பர் இடிச்சா லாகையும் இன்வாய்ஸையும் சேத்து முதல்ல சேவ் பண்ணிட்டு, அப்புறமா கடைக்கு மெசேஜ் போடுங்க.