சட்டை போட்ட முயலா, நம்மைப் போன்ற சிறுமியா?

குழந்தைக்குப் பரிவைப் பழக்க ஒரு படப்புத்தகம் வாங்கலாம் என்று தேடினால், முதலில் கண்ணில் படுவது விலங்குக் கதைதான். சட்டை போட்ட முயல், பொம்மையைத் தர மறுக்கும் கரடிக்குட்டி, கடைசிப் பக்கத்தில் எல்லோரும் கட்டிக்கொள்ளும் படம். பக்கத்திலேயே, சாதாரணமான ஒரு சிறுமியோ சிறுவனோ வரும் கதையும் இருக்கும். பெரும்பாலும் முயல்தான் வீட்டுக்கு வருகிறது. ஆனால் பகிர்வதையும் உதவுவதையும் பழக்குவதுதான் நோக்கம் என்றால் நான் சிறுமியின் கதையைத்தான் எடுப்பேன்.

டொரன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு என் எண்ணத்தை மாற்றியது. 4 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம் ஸ்டிக்கர் கொடுத்து, கிடைக்காத இன்னொரு குழந்தைக்கும் கொஞ்சம் தரலாம் என்றார்கள். பிறகு பகிர்தல் பற்றிய ஒரே கதையை, சிலருக்கு மனிதர்கள் வரும் படங்களோடும் சிலருக்கு மனிதரைப் போல உடுத்திய விலங்குகளோடும் வாசித்துக் காட்டினார்கள். அப்புறம் மறுபடியும் ஸ்டிக்கர். மனிதக் கதை கேட்டவர்கள் முன்பைவிட அதிகம் கொடுத்தார்கள். விலங்குக் கதை கேட்டவர்கள் கொடுத்ததோ குறைந்துபோனது. விலங்குகளையும் மனிதரைப் போலவே எண்ணிய குழந்தைகள் மட்டும் அந்தக் கதைக்குப் பிறகும் கூடுதலாகப் பகிர்ந்தார்கள். ஒரே ஆய்வுதான், அதுவும் கதை முடிந்த கையோடு பார்த்தது. அதை வைத்து அலமாரியிலுள்ள முயல்களையெல்லாம் அப்புறப்படுத்த வேண்டாம். ஆனாலும் காரணம் எனக்குப் புரிகிறது. முயல் செய்தது முயலோடு போய்விடுகிறது. தன்னைப் போல ஒருத்தி செய்தால், ‘நானும் செய்யலாமே’ என்று தோன்றுகிறது.

விலங்குக் கதை ஜெயிக்கும் இடமும் உண்டு. தம்பியைக் கடித்துவிட்டுக் கூனிக்குறுகி நிற்கும் குழந்தைக்கு, கடித்த சிறுவனின் கதையை வாசித்தால் அது திட்டு போலவே கேட்கும். கடித்த நரிக்குட்டி என்றால் கொஞ்சம் தள்ளி நின்று பேச முடியும். அந்த நேரத்தில் நரிதான் நல்லது.

அடுத்தது, முடிவில் நீதி சொல்லும் புத்தகமும் சொல்லாத புத்தகமும். நீதியே கூடாது என்று சொல்ல மாட்டேன். கெட்டதற்குத் தண்டனை காட்டுவதா, நல்லதன் பலனைக் காட்டுவதா என்பதுதான் முக்கியம். 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உண்மை சொல்லிப் பாராட்டுப் பெற்ற சிறுவனின் கதையைக் கேட்ட குழந்தைகள் அதிகமாக உண்மை சொன்னார்கள். பொய் சொன்னவன் மாட்டிக்கொண்டு அவதிப்படும் கதைகளுக்கு அந்தப் பலன் இல்லை. அது நேர்மை பற்றியது என்றாலும் பரிவுக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: தன்னிடமுள்ள அழகான எல்லாவற்றையும் கொடுத்தால்தான் நண்பர்கள் கிடைப்பார்கள் என்று முடியும் கதை. அது பரிவாகாது, மற்றவர்களைப் பிடித்துவைக்கக் கொடுக்கும் விலை.

ஆறு, ஏழு வயதுக்குமேல் என்றால், சரிசெய்ய முடியாமல் முடியும் கதையையும் தாருங்கள். புதிதாக வந்தவளை ஒதுக்கிய சிறுமி, மனம் மாறி ஓடும்போது அவள் ஊரைவிட்டே போயிருப்பாள், அப்படியே கதை முடியும். வாசித்துவிட்டு “பரவாயில்லம்மா” என்று நாமே ஆறுதல் சொல்லி மூடிவிடக் கூடாது. குழந்தை அந்தக் கனத்தோடு கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

இரண்டு, மூன்று வயதுக்கு இவ்வளவு தேவையில்லை. அடுத்தவர் மனதில் நம்மிடம் இல்லாத எண்ணம் இருக்கும் என்பது பொதுவாக நான்கு வயது வாக்கில்தான் பிடிபடும். அதற்குமுன், “பாப்பா அழுது பாரு, ஏன் அழுது?” என்று முகத்தைக் காட்டினாலே போதும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது சொற்களே இல்லாத புத்தகம். வாசிக்க வரிகள் இல்லாததால் நமக்குச் சிரமம்தான், “என்ன சொல்வது?” என்று திணறுவோம். ஆனால் வரிகள் இருந்தால் நம் கண் அவற்றின் பின்னாலேயே ஓடிவிடுகிறது, படம் பின்னுக்குப் போய்விடுகிறது. மடியில் ஐந்து வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு அப்படி ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். விளையாட்டுத் திடல் படம், நடுவில் ஊஞ்சல், பந்து, ஏழெட்டுப் பிள்ளைகள். அடுத்த பக்கத்தைத் திருப்பப் போனேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். தாளின் ஓரத்தில், பையின் வாரை இரு கையாலும் பிடித்தபடி நின்ற ஒரு பையன்மேல் விரலை வைத்தாள்.

“இவன மட்டும் ஏன் யாரும் கூப்பிடல?”

நான் அவனைப் பார்க்கவே இல்லை. “நீ இருந்தா என்ன பண்ணுவ?” என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். “பந்த அவன் பக்கமா உருட்டி விடுவேன்” என்றாள். பிறகுதான் பக்கத்தைத் திருப்ப விட்டாள்.