குளிர்கால சரும, கூந்தல் சிகிச்சைகள்: எது தாக்குப்பிடிக்கும், எது மூன்றே நாளில் காணாமல் போகும்?

குளிர் தொடங்கியதும் பார்லர் மெனுவில் 'ஹைட்ரா', 'மாய்ஸ்ச்சர்', 'டீப் நரிஷ்' என்று பெயர்கள் வரிசைகட்டி வரும். எல்லாமே ஈரம் தருவதாகத்தான் சொல்லும். தந்த ஈரம் நிற்குமா என்பதுதான் கேள்வி. காற்றில் ஈரப்பதம் குறைவு. வெந்நீர்க் குளியலில், மேல்தோலில் ஈரத்தைப் பூட்டிவைக்கும் செராமைடு என்ற கொழுப்பும் கொழுப்பு அமிலங்களும் கரைந்து போகும். மிச்சத்தை ஹீட்டர் உலர்த்திவிடும். சல்லடையில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் ஓட்டையை அடைக்க வேண்டும். கீழே உள்ள ஒப்பீடு முழுக்க இந்தக் கணக்கை வைத்துத்தான்.

ஹைட்ராஃபேஷியலா, லாக்டிக் பீலா?

ஹைட்ராஃபேஷியல் சுமார் அரை மணி நேர வேலை. சுழல் வடிவ முனை ஒன்று சருமத்தை லேசாக உறிஞ்சியபடியே திரவத்தையும் செலுத்தும். முதலில் சுத்தம், பிறகு மென்மையான அமிலம், அடுத்து கரும்புள்ளிகளை உறிஞ்சுதல், கடைசியில் ஈரத்தைப் பிடித்து வைக்கும் ஹைலூரானிக் அமில சீரம். எழுந்து கண்ணாடி பார்த்தால் முகம் பளபளக்கும். அன்று மாலை ஒரு விசேஷம் இருந்தால் இதைவிடச் சிறந்த தேர்வு கிடையாது. ஆனால் வறண்ட காற்றில் அந்த ஈரம் வேகமாக ஆவியாகிவிடும். சீரத்துக்கு மேல் கெட்டியான கிரீம் பூசாமல் அனுப்பினால், இரண்டு மூன்று நாளில் முகம் மறுபடி இழுத்துப் பிடிக்கும். இன்னொரு சிக்கல் உறிஞ்சும் அழுத்தம். வறண்ட, மெல்லிய கன்னத்தில் ஒரே இடத்தில் பலமுறை முனையை ஓட்டினால் சிவந்து தடிக்கும், நுண்ணிய ரத்தக்குழாய்கள்கூட உடையலாம். மூக்குக்கு வைத்த அழுத்தத்தைக் கன்னத்துக்குக் குறைக்கச் சொல்லுங்கள்.

பீல் வேறு ரகம். முகத்தில் அமிலம் பூசி, இறந்த செல்களின் பிடிப்பைத் தளர்த்தி உரிய வைப்பதால், பூசுகிற கிரீம் ஒழுங்காக ஏறும், மங்கலும் குறையும். அமிலங்களுக்குள் தேர்வு முக்கியம். கிளைக்காலிக் மூலக்கூறு சிறியது (எடை 76), சட்டென்று உள்ளே போகும். லாக்டிக் சற்றே பெரியது (90), ஈரத்தையும் பிடித்து வைக்கும். மாண்டெலிக் (152) நிதானமாக இறங்கும். எளிதில் கருமை படியும் சருமத்துக்குப் பாதுகாப்பு அதிகம். சாலிசிலிக் எண்ணெய்ப் பசை முகத்துக்கானது. வறண்ட முகத்துக்குக் குளிர்காலத்தில் அதைத் தொட வேண்டாம்.

பாட்டிலில் '30 சதவீதம்' என்று இருப்பதை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. பி.ஹெச். என்பது அமிலத்தன்மையின் அளவு, எண் குறைந்தால் அமிலம் கூடும். பி.ஹெச். 2-ல் இருக்கும் 30 சதவீத லாக்டிக்கும், 3.5-ல் இருக்கும் அதே 30 சதவீதமும் ஒன்றல்ல. முன்னதன் வீரியம் கூடுதலாக உறைக்கும்.

சரியாகச் செய்பவர் எப்படிச் செய்வார்? மூக்கின் ஓரம், உதட்டோரம், கண்முனை மூன்றிலும் முதலில் பெட்ரோலியம் ஜெல்லி. நெற்றியில் தொடங்கிக் கன்னம், தாடை என்று வேகமாகப் பூசி, கையில் டைமர். முதல்முறை என்றால் ஒன்று இரண்டு நிமிடம் போதும். பார்வை முழுக்க முகத்தில் இருக்கும். லேசான சிவப்பு சரி. கிளைக்காலிக்கோ லாக்டிக்கோ பூசிய இடத்தில் வெண்திட்டு தெரிந்தால் அமிலம் ஆழமாக இறங்கிவிட்டது என்று பொருள். நேரம் மிச்சமிருந்தாலும் உடனே சோடியம் பைகார்பனேட் கரைசலால் நிறுத்த வேண்டும். சாலிசிலிக்கில் வரும் வெண்பொடி அப்படியல்ல. ஆல்கஹால் ஆவியானபின் படியும் வெறும் படிகம் அது, பயப்பட வேண்டாம்.

வெயில் குறைந்திருப்பதால் பீலுக்குக் குளிர்காலம் தோது என்பது உண்மைதான். ஆனால் புறஊதா-ஏ கதிர் ஆண்டு முழுக்க உண்டு, ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் இல்லாமல் பீல் செய்தால், மாநிறத்தவருக்கும் கருநிறத்தவருக்கும் மங்கல் போய்க் கருந்திட்டு வரலாம்.

எங்கள் தேர்வு லாக்டிக் பீல்தான், ஒரு நிபந்தனையோடு. சாதாரண மாய்ஸ்ச்சரைசர் பூசினாலே எரிகிறதா? அப்படியானால் தோலின் அரண் உடைந்திருக்கிறது. இரண்டு மூன்று வாரம் செராமைடு கிரீமும் மேலே பெட்ரோலியம் ஜெல்லியும் போட்டு எரிச்சல் அடங்கிய பிறகு பீலுக்குப் போகலாம். ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை கிரீம்) பூசுபவர்கள் ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். திரெடிங்கும் வேக்ஸிங்கும் அந்த வாரம் கூடாது. அடுத்த பீலுக்குக் குறைந்தது மூன்று வாரம் இடைவெளி வேண்டும். உரியும் தோலைப் பிய்க்கவே கூடாது.

லேசர் முடி நீக்கத்துக்குக் குளிர்காலத்தைவிட நல்ல பருவம் இல்லை. வெயிலில் கருத்த தோலில்தான் தீப்புண் ஆபத்து அதிகம். கருநிறச் சருமத்துக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் வகை லேசர் இருக்கிறதா என்று கேளுங்கள். இடையில் ஷேவிங் மட்டும். வேரோடு பிடுங்கினால் லேசருக்கு இலக்கே இருக்காது.

ஹேர் ஸ்பாவா, கெரட்டினா?

ஹேர் ஸ்பா எளிமையானது: ஷாம்பு, கிரீம் மசாஜ், 10 முதல் 15 நிமிடம் ஸ்டீம், அலசல். நேர்மின்சுமை கொண்ட கண்டிஷனர், முடியில் சேதமான இடங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். குளிரில் சீப்பு பட்டதும் முடி பறப்பது அடங்குவது இதனால்தான். சில தலைக்குளியலோடு கரைந்துவிடும், உண்மைதான். ஆனால் தீங்கில்லாமல் திரும்பச் செய்யலாம்.

கெரட்டின் என்பது கிரீம் பூசி, சூடான அயர்னால் முடியை வழவழப்பாக்கும் சிகிச்சை. மூன்று முதல் ஐந்து மாதம் நிற்கும். கணக்குப்படி அதுதானே லாபம்? இல்லை. கெரட்டினின் பெரிய வரம், ஈரக்காற்றில் முடி சிலிர்ப்பதை அடக்குவது. வறண்ட குளிர்காலத்தில் அந்த வேலையே பாதி இல்லை. மாறாக, 230 டிகிரி செல்சியஸ் வரை சூடான அயர்னை ஒரே பகுதியில் பலமுறை இழுப்பதால், ஏற்கெனவே வறண்ட முடி மேலும் வறளும். ப்ளீச் செய்த முடிக்கு அந்தச் சூடு ஆகவே ஆகாது.

அதைவிடப் பெரிய காரணம், குளிருக்குப் பயந்து சலூனின் கதவு ஜன்னல்களை அடைத்துவிடுவது. அயர்ன் பட்டதும் எழும் புகையில் கண் கரித்து, தொண்டை காந்தினால் அது ஃபார்மால்டிஹைடாக இருக்கலாம். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது இதைத்தான். லேபிளில் 'மெத்திலீன் கிளைக்கால்', 'ஃபார்மலின்' என்று இருந்தாலும் அதே சரக்குதான். 'ஃபார்மால்டிஹைடு இல்லை' என்று விற்கும் சிலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கும். அத்தகைய கிரீமுக்குப் பிறகு சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நிகழ்வு 2024-ல் மருத்துவ இதழில் பதிவானது. செய்தே ஆகவேண்டும் என்றால் காற்றோட்டமுள்ள அறையில், தலைத்தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பூசச் சொல்லுங்கள். முடிந்தால் ஈரப்பதம் ஏறும் பருவத்துக்குத் தள்ளிவையுங்கள்.

ப்ரோட்டீன் ட்ரீட்மென்ட் யாருக்கு? ஈரமான ஒரு முடியை மெல்ல இழுத்துப் பாருங்கள். ரப்பர்போல் நீண்டு திரும்பாமல் தொய்ந்தால் ப்ரோட்டீன் கேட்கிறது. நீளாமல் பட்டென்று அறுந்தால் கேட்பது ஈரம். அதற்கு மேலும் ப்ரோட்டீன் ஏற்றினால் விளக்குமாறுபோல் விறைக்கும்.

பொடுகுக்கு ஸ்பா வேண்டாம். மஞ்சளாக, பிசுபிசுப்பாக உதிர்ந்தால் அதற்குப் பின்னால் மலசீசியா என்ற ஈஸ்ட் இருக்கும். எண்ணெய் மசாஜ் அதற்கு விருந்து. 2 சதவீத கீட்டோகொனசோல் ஷாம்பூவை வாரம் இருமுறை, 3 முதல் 5 நிமிடம் ஊறவிட்டு அலசி, இரண்டு முதல் நான்கு வாரம் தொடர்ந்தால் பெரும்பாலும் கட்டுப்படும். அடங்காவிட்டால் தோல் மருத்துவர்.

பீலையும் ஹேர் ஸ்பாவையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஸ்டீமின் சூடும் அலசும்போது வழியும் ஷாம்பு நீரும் நேராகப் புதுத்தோலில்தான் விழும். முடி வேலையை முதலில் முடியுங்கள். ஒரு வாரம் கழித்து முகம்.