தர்மபுரியில் கம்ப்யூட்டரை சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நாங்கள் பாலக்கோடு. போன மாதம் வீட்டுக் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் கம்பெனி லோகோ வரும், அதோடு நின்றுவிடும். எந்த பட்டனை அழுத்தினாலும் அசையாது. மகளுக்குக் கல்லூரி ப்ராஜெக்ட் நெருங்கிவிட்டது. சிபியுவை மட்டும் பழைய போர்வையில் சுற்றி, பஸ்ஸில் தர்மபுரி கொண்டுபோய் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன்.

மறுநாள் போன் வந்தது. "அக்கா, மதர்போர்டு போயிடுச்சு. மாத்திட்டு விண்டோஸும் புதுசா போட்டுடலாம்." மொத்தம் 4,300 ரூபாய். உள்ளே படங்கள் இருக்கின்றன, பத்திரம் என்று இரண்டு முறை சொன்னேன். "பேக்கப் எடுத்துட்டுத்தான் போடுவோம்" என்றார். பில் கேட்டபோது, "ஜிஎஸ்டி போட்டா இன்னும் ஏறிடும்க்கா" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து எல்லா ஒயரையும் மாட்டி ஆன் செய்தேன். அதே லோகோ, அதே இடத்தில் நின்றது.

ஓசூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். கீபோர்டு, மவுஸ், மானிட்டர் தவிர எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னான். உடனே விண்டோஸ் வந்துவிட்டது. அணைத்து அணைத்து ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தோம். பிரிண்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. மெமரி கார்டு செருகும் பழைய கார்டு ரீடரை மாட்டியதும் நின்றது. "யூஎஸ்பில மாட்டின சாமான் கெட்டிருந்தா, ஆரம்பிக்கிறப்ப அதைச் சோதிக்கப் போய் அங்கேயே சிக்கிக்கும் அத்தை" என்றான்.

அந்த கார்டு ரீடர் கடைக்குப் போகவே இல்லை, வீட்டு மேசையில்தான் கிடந்தது. அப்படியென்றால் கம்ப்யூட்டர் அங்கே நிற்காமல் ஓடியிருக்கும். பிறகு எதைப் பார்த்து போர்டு போய்விட்டது என்றார்கள்?

சைடு மூடியைக் கழற்றினோம். போர்டு திருகுகளின் தலையில் தூசி மெத்தை மாதிரி படிந்திருந்தது, ஸ்க்ரூடிரைவர் பட்ட தடமே இல்லை. புது போர்டில் அவ்வளவு தூசி எப்படி வரும்? ராம் (RAM) என்ற மெமரி இருந்த இடத்தில் மட்டும் பளிச்சென்று விரல் தடம். டாஸ்க் மேனேஜரில் மெமரி 4 ஜிபி காட்டியது. 2021-ல் வாங்கிய பில்லில் 8 ஜிபி என்று இருக்கிறது.

கடைக்குப் போன் செய்தேன். "வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு" என்று வைத்துவிட்டார். விண்டோஸைப் புதிதாகப் போட்டதில் படங்களும் போய்விட்டன, பேக்கப்பும் இல்லை.

கொடுக்கும் முன் மூடியைத் திறந்து ராம், ஹார்டு டிஸ்க் லேபிளை சீரியல் நம்பர் தெரியும்படி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பார்ட்ஸ் மாற்றினால் பழையதைக் கையில் கேட்டு வாங்குங்கள். காசு கூட ஆனாலும் பில் வாங்குங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்திருக்கிறேன். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாததால் பணம் அனுப்பிய யுபிஐ ரசீதையும் கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும்தான் ஆதாரமாக வைத்திருக்கிறேன்.

அழிந்துபோனதில் எங்கள் அப்பா எங்களோடு இருந்த கடைசிப் பொங்கல் படங்களும் உண்டு. மேலே புதிதாக எதுவும் பதியாமல் இருந்தால் கொஞ்சமாவது மீட்கலாம் என்று அண்ணன் மகன் சொன்னதால், அந்த ஹார்டு டிஸ்கைக் கழற்றித் தனியாக பீரோவில் வைத்திருக்கிறோம்.